டீசல் லாரியா, மின்லாரியா? பத்தாண்டுச் செலவுக் கணக்கு

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்காவுக்குக் காய்கறி கொண்டுவரும் லாரி, காலையிலேயே வேலையை முடித்துவிடும். துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகக் கோலாலம்பூர் செல்லும் லாரிக்கோ ஒரு வழிப் பயணமே 300 கிலோமீட்டருக்கு மேல். எந்த வண்டி கட்டுப்படியாகும் என்ற கேள்விக்கு இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

லாரி வாங்குவோர் முதலில் அஞ்சுவது 'சி' பிரிவு வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ). அண்மை ஆண்டுகளில் அது 60,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் அதே சான்றிதழ்தான் என்பதால் ஒப்பீட்டில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. வேறுபாடு வண்டி விலையிலும் எரிபொருளிலும்தான்.

ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் கனரக லாரியை எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் என்றால் 9,000 லிட்டர் டீசல். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் 18,000 வெள்ளி. 2019 முதல் லிட்டருக்கு 20 காசாக உள்ள தீர்வை மட்டுமே இதில் 1,800 வெள்ளி.

அதே தூரத்துக்கு மின்லாரிக்கு ஏறக்குறைய 36,000 யூனிட் மின்சாரம் தேவை. சொந்தக் கிடங்கில் யூனிட் 30 காசுக்கு மின்னேற்றினால் 10,800 வெள்ளி. பொது விரைவு மின்னேற்றியில் 60 காசு கொடுத்தால் 21,600 வெள்ளி. அதாவது டீசலைவிட அதிகம்!

கிடங்கு வைத்திருப்பவருக்குப் பத்தாண்டில் எரிபொருளில் மிச்சம் 72,000 வெள்ளி. 2026 தொடக்கத்திலிருந்து புதிய மின்சாரக் கனரக வாகனங்களுக்கு அரசாங்கம் தரும் 40,000 வெள்ளி ஊக்கத்தொகையையும் சேர்த்தால் 112,000 வெள்ளி. மின்லாரியின் கூடுதல் விலையும் மின்னேற்றிச் செலவும் இதற்குள் அடங்கினால் லாபம். கடன் வட்டி தனி.

புதுப்பிக்கத்தக்க டீசலைப் பழைய இயந்திரத்திலேயே ஊற்றலாம். துவாசில் உள்ள நெஸ்டே ஆலை அதைத் தயாரிக்கிறது. ஆனால் வழக்கமான டீசலைவிட விலை கூடுதல். ஹைட்ரஜன் நெடுந்தூரத்துக்கு ஏற்றது என்பார்கள். மின்சாரத்தால் ஹைட்ரஜன் தயாரித்து லாரியை ஓட்ட, மின்கலத்தில் ஓட்டுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் செலவாகும்.

சரக்கு வாகனங்களின் ஆயுள் வரம்பு 20 ஆண்டு. எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்ற தேசிய இலக்கோ 2040. சான்றிதழைப் புதுப்பித்து இன்னும் பத்தாண்டு ஓட்டலாம் என்று நம்பி இன்று டீசல் லாரி வாங்குவோர் இதை யோசித்தாக வேண்டும்.

ஒன்றிரண்டு லாரிகளை வைத்துப் பிழைப்பவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். வாடகைக்கு எடுத்த கனரக வாகன நிறுத்துமிடத்தில் இரவில் வண்டியை விடுபவருக்குச் சொந்த மின்னேற்றி ஏது? மின்னேற்றி பொருத்தும் செலவில் பாதியை ஏற்கும் மானியமும் இருக்கிறது. அதைப் பொருத்த முதலில் இடம் வேண்டும். வண்டி விலையைக் கேட்பதற்கு முன் நிறுத்துமிட நடத்துநரிடம் மின்னேற்றி வருமா, யூனிட் என்ன விலை என்று கேட்டுவிடுவது நல்லது.