சலஃபி

வாசலூர்பட்டித் தேநீர்க் கடையில் நாளிதழ் புரட்டிய ஒருவர், தர்காவுக்குப் போகாத முஸ்லிம் எல்லாரையும் 'வஹாபி' ஆக்கிவிட்டார். அது அரேபியாவின் நஜ்துப் பகுதியைச் சேர்ந்த 18ஆம் நூற்றாண்டு அறிஞர் முகம்மது இப்னு அப்துல் வஹாபின் பெயரை ஒட்டி எதிர்ப்பாளர் சூட்டிய பட்டம். 'வஹாப்' என்பதோ இறைவனின் திருப்பெயர், பெருங்கொடையாளன்! அப்படி அழைக்கப்படுவோரில் பலர் விரும்புவது 'சலஃபி'. அரபியில் சலஃப் என்றால் முன் சென்றோர். முன்பணத்துக்கும் அதே சொல் உண்டு. சமய வழக்கில் அது முதல் மூன்று தலைமுறை முஸ்லிம்களாகச் சுருங்கியது. தமிழகத்தில் இவர்களுக்குப் புழங்கும் பெயர் 'தவ்ஹீத்காரர்'. தவ்ஹீத் ஓரிறைக் கொள்கை. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குப் போகிறவரும் அதைக் கைவிட்டதாக ஒப்பமாட்டார். சலஃபியைத் தமிழாக்கி 'முன்னோர் வழியர்' எனலாமா? தமிழில் முன்னோர் என்றதும் படையல் நினைவுக்கு வரும், அவர்கள் மறுப்பதே அதைத்தான். 'முதல் தலைமுறை வழியர்' நீளம்தான், எனக்குச் சம்மதம்.