சோஜிலா பனியில் ஏறிய டாங்கிகள்

எங்கள் தாராபுரத்தில் பனி என்றால் மார்கழி அதிகாலையில் சோளத்தட்டின் மேல் நிற்கும் ஈரம். வெயில் ஏறினால் போய்விடும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பள்ளியில் மூன்று சொற்கள் சொல்லிக் கொடுத்தார்கள். வானிலிருந்து விழும் வெண்பனி 'நேழ்'. உறைந்து இறுகியது 'கிளாஸ்'. சாலைமேல் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிபோல் படர்வது 'வெர்கிளா'. வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். வெண்பனியில் சக்கரம் புதையும், வெர்கிளாவில் வழுக்கும். புதையாமலிருக்க எடையைப் பரப்ப வேண்டும். வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி கட்டி, கீழ் கியரில், பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல் நகர வேண்டும்.

எடையைப் பரப்பும் வழி ஒன்றைக் கண்டவர் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் மோட்டார் கொட்டகையை அவர் கவனித்து வந்தார். அந்த ஊர்ப் பனிக்காகப் பின்சக்கரங்களை எடுத்துவிட்டு ரப்பர் பட்டை மாட்டினார், முன்னால் சறுக்குக் கட்டை வைத்தார். புரட்சிக்குப் பின் பிரான்ஸ் திரும்பியதும் சிட்ரோயன் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1931-ல் அந்தப் பட்டை வண்டிகளோடு ஜார்ஜ் மாரி ஹார்ட் தலைமையில் ஒரு குழு பேய்ரூட்டிலிருந்து புறப்பட்டு ஸ்ரீநகர் வந்தது. அங்கிருந்து இரண்டு வண்டிகளை மட்டும் பர்சில் கணவாய் வழியாகக் கில்கிட் வரை கொண்டுபோனார்கள். பாதை இல்லாத இடங்களில் வண்டியைப் பிரித்து, பாகம் பாகமாகக் கூலியாட்கள் சுமந்தார்கள். படங்களில் வண்டிதான் பெரிதாகத் தெரியும்!

17 ஆண்டு கழித்து அதே காஷ்மீரில் இதைவிடப் பெரிய காரியம் நடந்தது. 1948-ல் லே நகரம் எதிரியின் முற்றுகை அபாயத்தில் இருந்தது. ஸ்ரீநகரிலிருந்து அங்கே போகும் வழியில் சோஜிலா கணவாய், சுமார் 11,500 அடி உயரம். அதை எதிரிகள் பிடித்து வைத்திருந்தார்கள். செப்டம்பரில் காலாட்படை முயன்று முடியவில்லை. டாங்கியைக் கொண்டுபோகலாம் என்று ஜெனரல் திம்மையா முடிவு செய்தார். ஆனால் பால்டாலிலிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதைப் பாதை. டாங்கியோ சுமார் 15 டன்.

பாதையை அகலப்படுத்தும் வேலை மேஜர் தங்கராஜு தலைமையிலான மதராஸ் சாப்பர்ஸ் பிரிவுக்கு வந்தது. ராணுவத்தில் 'தம்பி' என்று அழைக்கப்படுகிறவர்கள் இவர்கள்தான். பனியே பார்க்காத ஊர்ப் பிள்ளைகள் அதில் எத்தனை பேரோ! ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், மேலிருந்து எதிரியின் சூடு. அதற்கு நடுவே வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

டாங்கிகள் 7-வது லைட் கேவல்ரியைச் சேர்ந்தவை. 1784-ல் மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய படைப்பிரிவு அது. வழியிலுள்ள பாலங்கள் தாங்க வேண்டும், ரகசியமும் காக்க வேண்டும் என்று மேற்கூண்டுகளைக் கழற்றித் தனியே ஏற்றிவந்தார்கள். ஸ்ரீநகரில் ஊரடங்கு போட்டு இரவில் கடந்தார்கள். பனி கொட்டியதால் தாக்குதல் சில நாள் தள்ளிப்போயிற்று. இரும்புப் பட்டை மென்பனியில் பிடிக்கும், இறுகிய பனியில் சறுக்கும். அந்த விளிம்பில் ஒரு டாங்கி சறுக்கி நின்றால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும்.

நவம்பர் 1 அன்று லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங்கின் டாங்கிகள் மேலேறின. திம்மையாவும் முன்வரிசை டாங்கியிலேயே போனார். அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்காத எதிரி கணவாயை விட்டு ஓடினான். நவம்பர் 15-ல் திராஸ், 24-ல் கார்கில். லே தப்பியது.

திம்மையாவின் பெயரும் டாங்கியின் பெயரும் நிலைத்துவிட்டன. நியாயம்தான். ஆனால் நாற்பது வருடம் பேரேடு எழுதிய என் கணக்கில் முதல் வரவு தங்கராஜுவின் ஆட்களுக்கே.

சோஜிலாவில் இன்னும் குளிர்காலத்தில் பனிச்சரிவு பாதையை மூடிவிடுகிறது. அடியில் 13 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் குடைகிறார்கள்.