கிரிப்டோஜாக்கிங்

இணையப் பக்கத்தில் ஒளித்துவைத்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலால், பார்வையாளரின் கணினித் திறனை அவர் அனுமதியின்றி மின்நாணயம் ஈட்டப் பயன்படுத்தும் மோசடி. 2017 செப்டம்பரில் வெளிவந்த காயின்ஹைவ் நிரல், மொனேரோ நாணயத்துக்காக இதைப் பரவலாக்கியது. திருப்பதி மாநகராட்சி உள்ளிட்ட ஆந்திர அரசுத் தளங்களிலும் இவ்வகை நிரல் 2018இல் கண்டறியப்பட்டது. 2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடப்பட்டது.

அறிகுறிகள்: குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்ததும் கணினி மந்தமாதல், சூடேறுதல், மின்விசிறி இரைதல். பக்கத்தை மூடினால் பெரும்பாலும் நின்றுவிடும். சில நிரல்கள் பணிப்பட்டைக்குப் பின்னே சிறு சாளரத்தில் ஒளிந்து தொடரும்.

தற்காப்பு: உலாவியைப் புதுப்பித்து வைத்தல், யூபிளாக் ஆரிஜின், நோஸ்கிரிப்ட் போன்ற தடுப்பு நீட்சிகளை நிறுவுதல். பயர்பாக்ஸ் 2019 செப்டம்பர் முதல் இத்தகைய அறியப்பட்ட நிரல்களை இயல்பாகவே தடுக்கிறது.