ஜான் குட்இனஃபும் நான்கு வோல்ட் மின்கலமும்

லித்தியம் அயனி மின்கலத்துக்கு உரிய நேர்மின்வாயைக் கண்டறிந்த ஜான் பி. குட்இனஃப், 1922 ஜூலை 25 அன்று ஜெர்மனியின் யெனா நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயதில் வாசிக்கத் திணறியவர், யேல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வானிலைப் பணி. பின்னர் சிகாகோவில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தபோது, இந்த வயதில் தொடங்கி என்ன சாதிக்க முடியும் என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். அப்போது அவர் இருபதுகளில்தான் இருந்தார், 1952-இல் முனைவரானார்.

அடுத்து எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில், கணினி நினைவகத்துக்காக உலோக ஆக்சைடுகளின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். அந்த அறிவுதான் மின்வேதியியலில் கைகொடுத்தது.

1976-இல், ஐம்பது வயதைத் தாண்டியபின், ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கியிருந்த டைட்டானியம் டைசல்பைடு மின்கலம் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் தந்தது. கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜன் இருந்தால் மின்னழுத்தம் உயரும் என்று குட்இனஃப் கணித்தார். எதிர்மின்வாயில் ஆபத்தான லித்தியம் உலோகத்தை வைக்காமல், லித்தியத்தை ஆக்சைடுக்குள்ளேயே அடக்கிவைக்கவும் வழி பிறந்தது. கோபால்ட் ஆக்சைடு அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் அமர்ந்திருக்கும், மின்னேற்றும்போது வெளியேறும். எவ்வளவு லித்தியத்தை உருவினால் அடுக்குகள் சரியும் என்பதே கேள்வி. ஏறத்தாழ பாதியை எடுத்தும் அவை நிலைத்தன. கோயிச்சி மிசுஷிமா உள்ளிட்டோருடன் 1980-இல் வெளியிட்ட முடிவு: நான்கு வோல்ட்.

ஆக்ஸ்போர்டு காப்புரிமை பெற முன்வரவில்லை. அகிரா யோஷினோ 1985-இல் இந்த நேர்மின்வாயுடன் கரி எதிர்மின்வாயைச் சேர்த்தார். 1991-இல் சோனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகமே பயன்படுத்திய கண்டுபிடிப்பிலிருந்து குட்இனஃபுக்கு உரிமத்தொகை எதுவும் வரவில்லை. இது பெரும் அநீதியே.

1986-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மாறினார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவரான ஆறுமுகம் மந்திரமும் உடன் சென்றார். சல்பேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தே அதிக மின்னழுத்தம் பெறலாம் என்று இருவரும் காட்டினர். அந்தத் தடத்தில் வந்ததே 1997-இல் குட்இனஃப் குழு அறிவித்த லித்தியம் இரும்பு பாஸ்பேட். இன்றைய மின்சாரப் பேருந்துகள் பலவற்றில் இருப்பது இதுதான்.

2019-இல் விட்டிங்ஹாம், யோஷினோ ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றபோது அவருக்கு வயது 97. நோபல் பெற்றவர்களில் அவரே மூத்தவர். ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம். தொண்ணூறுகளிலும் திட மின்பகுளி ஆய்வைக் கைவிடாத குட்இனஃப், 2023 ஜூன் 25 அன்று நூறாவது வயதில் ஆஸ்டினில் காலமானார்.