1877க்கும் 1878க்கும் நடுவில்

சுகர் லேண்டில் வளர்ந்தவர்களுக்கு ஊரின் பெயர்க் காரணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய சர்க்கரை ஆலையின் சிவப்புச் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2003 வரை அங்கே வேலை நடந்தது. கிரீடம் போட்ட அந்த இம்பீரியல் சர்க்கரைப் பை எங்கள் வீட்டிலும் உண்டு. பொங்கலுக்கு மட்டும் அம்மா இந்தியன் ஸ்டோரில் வெல்லம் வாங்குவார். கரும்பை வெட்டியது யார் என்று நான் படித்த பள்ளியில் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது சமூக அறிவியல் ஆசிரியராகப் பயிற்சி எடுக்கிறேன். டெக்சாஸில் 7 முதல் 12ஆம் வகுப்பு வரை பாடம் நடத்த, வரலாறு, புவியியல், அரசியல், பொருளாதாரம் எல்லாம் கலந்த ஒரே தேர்வு எழுத வேண்டும். "இதுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸே சுலபம்டா" என்கிறார் அப்பா. அதோடு, ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் நின்று பாடம் நடத்திப் பழக வேண்டும். எனக்குக் கிடைத்தது 8ஆம் வகுப்பு. உள்ளூர் வரலாற்றில் ஒரு பாடம் தயாரிக்கச் சொன்னார்கள். நான் "சுகர் லேண்ட் 95"ஐ எடுத்துக்கொண்டேன்.

2018 பிப்ரவரியில், இங்கே ஒரு புதிய பள்ளிக் கட்டடத்துக்காக மண் தோண்டும்போது எலும்பு கிடைத்தது. தொடர்ந்து தோண்டினால் 95 கல்லறைகள். எல்லோரும் கறுப்பினக் கைதிகள். ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள். வயது சுமார் 14 முதல் 70 வரை. அந்தப் பகுதியில் கைதிகளின் புதைகுழிகள் இருக்கும் என்று ரெஜினால்ட் மூர் பல வருடங்களாகவே எச்சரித்து வந்தார். அவர் ஒரு முன்னாள் சிறைக் காவலர். வரலாற்றுப் பட்டம் எதுவும் இல்லாதவர். எனக்கு அவர்தான் முதல் வாத்தியார். 2019இல் 95 பேரையும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் மூர் காலமானார்.

பாடத்திட்டத்தைப் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 8ஆம் வகுப்பு அமெரிக்க வரலாறு 1877இல் முடிகிறது. உயர்நிலைப் பள்ளியில் அதே இடத்திலிருந்து தொடர்கிறது, ஆனால் சில வருடங்கள் கழித்து. 1865இன் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே வாக்கியத்தில் "குற்றத்துக்கான தண்டனையாகத் தவிர" என்ற பொருளில் ஒரு விலக்கு இருக்கிறது. கன்னிங்காம், எல்லிஸ் என்ற இரண்டு தோட்ட முதலாளிகள் அந்த விலக்கைப் பயன்படுத்தி டெக்சாஸின் கைதிகளையே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த வருடம் 1878. ஒரு பாடம் முடிந்து, அடுத்த பாடம் தொடங்கும் இடைவெளியில் எங்கள் ஊர் விழுந்துவிட்டது.

பாடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"ஆனா அவங்க தப்பு பண்ணவங்கதானே?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கோபத்தோடு கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். 2021இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இங்கே இப்படிப்பட்ட பாடங்களில் ஆசிரியர்கள் வார்த்தையை எண்ணித்தான் பேசுகிறார்கள். மூத்த ஆசிரியர் பின் பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்தேன்.

அன்றிரவு எனக்குக் கைகொடுத்தது நம்மவர்களின் கதை. பிரிட்டிஷ் பேரரசிலும் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது; ஐந்து வருட ஒப்பந்தக் கூலிகள், அவர்களில் தமிழர் பலர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது 1895 சட்டம் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. கட்ட முடியாதவர் திரும்பவும் ஒப்பந்தத்தில் சேரலாம், அல்லது ஊர் திரும்பலாம். இரண்டு கதையும் ஒன்றல்ல. கூலிக்குச் சம்பளம் என்று ஏதோ ஒன்று இருந்தது, கைதிக்கு அதுவும் இல்லை. ஆனால் ஒருவரைக் குற்றவாளியாக்குவது எது என்று கேட்க இது எனக்குச் சொல்லித்தந்தது.

மறுநாள் அந்தப் பையனிடம் பதில் சொல்லவில்லை. 1866இல் டெக்சாஸ் போட்ட சட்டங்களைப் பற்றிச் சொன்னேன். வேலையில்லாமல் திரிவதே குற்றம். குத்தகைப் பணம் அரசுக்குப் போகும். கைதி இறந்தால் முதலாளிக்கு நஷ்டமில்லை, இன்னொருவர் வருவார். "இப்ப நீயே கேளு, யாருக்கு ஆள் தேவைப்பட்டது?" என்றேன்.

அவன் நேரம் எடுத்துக்கொண்டான். வகுப்பு முடிந்து தந்த துண்டுச்சீட்டில் பதில் எழுதாமல், "அந்த ஒரு பெண் என்ன செய்தார்?" என்று எழுதியிருந்தான். அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்குகிறேன்.