கோட்டை பாண்டும் மணலி வீணையும்: நோட்டுஸ்வரங்களின் வரலாறு

கர்நாடக இசையில் மேற்கத்தியத் தாக்கம் என்று பேச்செடுத்தால் சினிமாவும் ஃப்யூஷன் கச்சேரிகளும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மணலியில் எழுதப்பட்டுவிட்டது. இன்று மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, டேங்கர் லாரி வரிசை. எண்ணூர், மீஞ்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை நீளும் வடக்குத் தொழிற்பட்டையின் தென்முனை அது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணையும்வரை திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சியாக இருந்த ஊர். கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் வாழ்ந்ததும் ஐரோப்பிய பாண்டு இசையைக் காதால் கேட்டதும் இந்த மணலியில் இருந்த காலத்தில்தான்.

தீட்சிதர் குடும்பம் திருவாரூரிலிருந்து இங்கே வரக் காரணம் மணலி முத்துகிருஷ்ண முதலியார். சென்னை கவர்னர் பிகட்டுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்து பெரும் செல்வம் சேர்த்தவர். முத்துசுவாமியின் தந்தை ராமசுவாமி தீட்சிதரின் வித்வத்தை அறிந்து தம் ஊருக்கு அழைத்து வந்து ஆதரித்தார். ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் அதே ராமசுவாமிதான். முத்துகிருஷ்ணருக்குப் பின் அவர் மகன் சின்னய்யா என்கிற வேங்கடகிருஷ்ண முதலியார் ஆதரவைத் தொடர்ந்தார். அவர் மீது ராமசுவாமி பாடிய 108 ராகதாளமாலிகை தமிழ்நாட்டு இசையில் அளவால் மிகப் பெரிய உருப்படிகளுள் ஒன்று. அது முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை.

துபாஷி வீட்டுக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று கோவிலைப் பார்த்தது, மற்றது கோட்டையைப் பார்த்தது. புனித ஜார்ஜ் கோட்டை மணலியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். முதலியாரோடு கோட்டைக்குப் போய்வந்த தீட்சிதர் சகோதரர்கள் கம்பெனிப் படையின் பாண்டு வாசிப்பைக் கேட்டார்கள். கடைசித் தம்பி பாலுசுவாமி (1786–1859) பிடில் மீது ஆசைப்பட்டதைப் பார்த்து, ஒரு ஐரோப்பியரிடம் சிட்சை பெற முதலியார் ஏற்பாடு செய்தார். பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரனும் பின்னர் அவருக்கே சுவீகாரப் புத்திரனும் ஆன சுப்பராம தீட்சிதர் (1839–1906) எழுதிவைத்த குடும்ப வரலாறு இது. கர்நாடக இசையில் வயலின் குடியேறிய கதை இப்படித் தொடங்குகிறது. தஞ்சை அரண்மனையில் வராகப்பய்யரும் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் ஏறக்குறைய அடுத்த தலைமுறையில் அதே வேலையைச் செய்தார்கள். ஆனாலும் ஒரு கருவியைக் கைக்கொள்வது வேறு, மெட்டைக் கைக்கொள்வது வேறு. இரண்டாவதைச் செய்தவர் அண்ணன்.

சங்கராபரணத்தில், ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து தீட்சிதர் இயற்றிய சுமார் 40 சிறு உருப்படிகளை நோட்டுஸ்வரம் என்கிறோம். பிரிட்டனின் தேசிய கீதமான 'காட் சேவ் தி கிங்' மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. பிரெஞ்சுப் பாடல் ஒன்றிலிருந்து உலகம் முழுவதும் பரவி, ஆங்கிலத்தில் 'ட்விங்கிள் ட்விங்கிள்' ஆன மெட்டில் 'சியாமளே மீனாக்ஷி' இருக்கிறது. 'வந்தே மீனாக்ஷி' அயர்லாந்தின் 'லிமரிக்' மெட்டு. 'ஜகதீச குருகுஹ' ஸ்காட்லாந்தின் நடன மெட்டான 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்'. இந்த மூலங்களைத் தேடி அடையாளம் காண்பதில் சின்சினாட்டியில் வாழும் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரனின் உழைப்பு குறிப்பிடத்தக்கது.

இவை எப்போது இயற்றப்பட்டன? கோட்டையில் பாண்டைக் கேட்ட சிறுவன் வீடு திரும்பியதும் பாடினான் என்பது மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. சம்பிரதாயத்தின் சாட்சியத்தையே எடுத்துக்கொண்டாலும் அது நிற்காது. தம் குரு சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போன முத்துசுவாமி சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி, திருத்தணிக்குச் சென்றார். அங்கே முருகன் முதியவராக வந்து வாயில் கற்கண்டு இட, 'ஸ்ரீநாதாதி குருகுஹோ ஜயதி' என்று மாயாமாளவகௌளையில் முதல் கிருதி பிறந்தது, 'குருகுஹ' என்ற முத்திரையும் அப்போதுதான் அமைந்தது என்பது பரம்பரை வரலாறு. நோட்டுஸ்வரங்கள் பலவற்றில் இந்த முத்திரை இருக்கிறது. ஆகவே அவை திருத்தணிக்குப் பிந்தியவை. மேலும் அவற்றின் சாகித்தியம் மணலிச் சுற்றுவட்டாரத்தோடு நிற்கவில்லை; மதுரை மீனாட்சிக்கும் காஞ்சி ஏகாம்பரநாதருக்கும் போகிறது. சிறுவயதில் காதில் விழுந்த மெட்டுகள் நெடுங்காலம் உள்ளே கிடந்து, தலம் தலமாகச் சுற்றிய காலத்திலும் வெளிவந்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு. மணலியும் திருத்தணியும் முன்பு ஒரே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு, மேற்கு முனைகளாக இருந்தவை. மெட்டு ஒரு முனையில் கிடைத்தது, முத்திரை மறுமுனையில்.

'சியாமளே மீனாக்ஷி'யின் தொடக்க மெட்டைச் சுரமாக எழுதினால் ஸ ஸ ப ப த த ப, பிறகு ம ம க க ரி ரி ஸ. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே, நேராக நிற்கிறது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் கிடையாது. பெரும்பாலும் சுரத்துக்கு ஓர் எழுத்தாகச் சாகித்தியம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பகுப்பும் இல்லை. இதே தீட்சிதர் இதே சங்கராபரணத்தில் செய்த 'அக்ஷயலிங்க விபோ'வைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அங்கே காந்தாரம் மத்தியமத்தைத் தொட்டு அசைந்து இறங்கும். மிச்ர சாபுவின் நிதானத்தில் ஒரு சொல் முடியவே பொழுதெடுக்கும். ஒரே ராகத்தில் ஒரே கை செய்த இரண்டு உலகங்கள். சங்கராபரணத்தின் சாயலை இந்த மெட்டுகளுக்குள் திணிக்காமல் விட்டதில்தான் அவருடைய நிதானம் தெரிகிறது. கமகம் சேர்த்து 'நம்மதாக' ஆக்கியிருக்கலாம், செய்யவில்லை.

அவர் எடுத்துக்கொள்ளாதது எது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேற்கத்திய மெட்டு பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 'ம'வில் மேல்குரல் நிற்கும்போது கீழே துணைச்சுரங்களும் இடம் மாறும். மெட்டு 'ஸ'வுக்குத் திரும்பும்போது அவையும் திரும்பும். நம் தம்புராவோ ஸ–ப என்ற இடத்தைவிட்டு நகராது. அசையாத சுருதிமேல் அசையும் ஒற்றை மெட்டு என்பது நம் இசையின் அடித்தளம். ஆகவே மெட்டு கோட்டை மதிலைத் தாண்டியது, ஹார்மனி தாண்டவில்லை. அதோடு சேர்ந்து பல குரல்களைக் கையசைவால் ஒருங்கிணைக்கும் இசை நடத்துநரும் வரவில்லை. நியாயமாகச் சொன்னால், கோலேந்தி நிற்கும் நடத்துநர் ஐரோப்பாவிலேயே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் நிலைபெற்றார். அதன் பிறகு அங்கே இயற்றுபவரும் நடத்துபவரும் ஒருவராகவே இருப்பது சாதாரணமாயிற்று. போலந்தின் ஸ்தனிஸ்லாவ் மொனியுஷ்கோ 1858 முதல் வார்சா ஓபராவின் நடத்துநராக இருந்துகொண்டே தன் ஓபராக்களை எழுதினார். பின்னாளில் அதே நாட்டின் பென்டரெட்ஸ்கி தன் படைப்புகளைத் தானே மேடையில் நடத்தினார். நம் வாக்கேயகாரருக்கு அந்தத் தேவை எழவில்லை. பாட அவரே இருந்தார், சீடர்கள் இருந்தார்கள், பாடாந்தரம் இருந்தது. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தஞ்சையில் மேற்கத்திய இசைக்குறிப்புகளைச் சேகரித்து பாண்டு வைத்து நடத்தியும், கர்நாடகக் கச்சேரி மேடையின் அமைப்பை அது மாற்றிவிடவில்லை.

அடுத்த நூறாண்டில் நடந்தது எதிர்த்திசைப் பயணம். ஏ. எம். சின்னசாமி முதலியார் 1892–93இல் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி வெளியிடத் தொடங்கினார். கைப்பணம் கரைந்தது, கண்பார்வையும் போயிற்று. ஆனாலும் எட்டயபுரம் போய், அங்கிருந்த சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் சொத்தை அச்சில் கொண்டுவர வேண்டும் என்று மன்றாடினார். அதன் பலன் 1904இல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. மறு ஆண்டு வந்த 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்ற தெலுங்குப் பாடநூலில் சுப்பராமர் 33 நோட்டுஸ்வரங்களைச் சேர்த்தார். அவை பிழைத்தது அதனால்தான். ஆனால் ஆரம்பப் பாடநூலில் இடம்பெற்றதே அவற்றுக்குக் குழந்தைப் பாட்டு என்ற முத்திரையையும் குத்திவிட்டது என்று நினைக்கிறேன். கச்சேரி மேடையில் துக்கடாவாகக்கூட அவை அபூர்வம்.

நடத்துநர் வந்த வழி வேறு. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் பாடகர் குழுவை ஹாண்டல் மானுவல் பல்லாண்டுகள் நடத்தினார். அது பெரும்பாலும் மேற்கத்திய உருப்படிகளின் உலகம். தமிழ்ச் சொல்லுக்குப் பல குரல் அமைத்து, எதிரே நின்று கையசைத்து நடத்தியவர் எம். பி. சீனிவாசன். 1925இல் பிறந்தவர்; 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்தவர்; சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர். 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்து, பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாக்கினார். 1988இல் லட்சத்தீவில் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. இயற்றுபவரும் நடத்துபவரும் ஒருவரே என்ற ஐரோப்பிய வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் சரியான எடுத்துக்காட்டு அவர்தான். 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோதுகூட இசைக்குழுவை நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ் என்ற வேறொருவர்.

நோட்டுஸ்வரங்களை உலக ஃப்யூஷனின் தொடக்கம் என்று தூக்கிவைப்பதும், சிறுபிள்ளைப் பாட்டு என்று தள்ளிவைப்பதும் ஒன்றுபோலத் தவறு. அவை பாதி வழி வந்த பயணம். மீதி வழி கடினமும் அல்ல. மெட்டு மேற்கத்தியது, ஹார்மனியை ஏற்கும், கமகம் குறுக்கே நிற்காது. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் திருத்தணியிலும் பள்ளிகளில் இசை சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'சியாமளே மீனாக்ஷி'யைப் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, இரண்டு குரலில் பாடவைத்துப் பாருங்கள். எதிரே நின்று கையசைக்க ஒரு பிள்ளையையும் பழக்குங்கள். உங்கள் வட்டாரத்தில் தொடங்கிய இசை அது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.