தொண்டை மருந்தும் மோட்டார் வண்ணமும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே அமைந்த ஊர் ஊரப்பாக்கம். மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் இரண்டு அத்தியாயங்கள் இவ்வூரின் இருபுறத்தும் நிகழ்ந்தன. வடக்கே வண்டலூர்ப் பக்கத்தில், 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இருந்தது. 1961-இல் வெளிவரத் தொடங்கிய அதன் ‘ஹெரால்டு’ கார் ஒரு தலைமுறைக்குப் பழக்கமான வண்டி. 1980களின் இறுதியில் அங்கே உற்பத்தி நின்றது. தெற்கே மறைமலைநகரில் 1990களில் தோன்றிய ஃபோர்டு தொழிற்சாலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலைகள் ஓய்ந்தாலும் வண்டிகள் ஓய்வதில்லை. ஓடுகின்றன, உரசுகின்றன, நசுங்குகின்றன. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் அடித்து முடித்த பின், பெயிண்டர் கையில் எடுக்கும் கருவியைப் பட்டறையில் ‘ஸ்பிரே கன்’ என்பர். நாம் அதைத் தெளிப்பான் என்போம்.

நல்ல தெளிப்பான் எது என்று கேட்டால், விலையைச் சொல்வாரும் பெயரைச் சொல்வாரும் உண்டு. அவ்விரண்டையும்விட முதன்மையான கேள்வி ஒன்று உளது. கிண்ணத்தில் ஊற்றிய வண்ணத்தில் எவ்வளவு தகட்டின்மேல் படிகிறது? படியாத மிச்சம் எங்கே போகிறது? இந்தக் கருவியின் நூற்றாண்டு வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

மோட்டார் வருமுன் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டியது தூரிகை. 1840-இல் சென்னையில் தொடங்கிய சிம்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டிகளையே கட்டியது. அக்காலத்து வண்டி வண்ணம் பொறுமையின் கலை. ஒரு பூச்சு உலர வேண்டும், அதைத் தேய்க்க வேண்டும், அதன்மேல் அடுத்த பூச்சு, இறுதியில் வார்னிஷ். ஒரு வண்டி முடிய வாரங்கள் செல்லும். குதிரை வண்டிக்கு இது பொருந்தியது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கார் செய்யும் ஆலைக்கு எப்படிப் பொருந்தும்? ஃபோர்டு தமது புகழ்பெற்ற ‘டி’ மாதிரிக் காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றார். சூளையில் சுட்டு உலர்த்தக்கூடிய அக்கறுப்பு மலிவானது, உறுதியானது.

விடை வந்த திசைதான் வியப்புக்குரியது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தடவுவது அவருக்குப் பெருந்தொல்லை. எனவே 1880களில், ரப்பர்க் குமிழை அழுத்தினால் மருந்து நுண்துளிகளாகப் பாயும் சிறு கருவியொன்றைச் செய்தார். இதன் தத்துவம் எளிது. குழாயின் வாய்க்குக் குறுக்கே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; கீழுள்ள திரவம் மேலேறி, காற்றில் சிக்கிச் சிதறுகிறது. வீடுகளில் மூட்டைப்பூச்சி மருந்தடித்த கைப்பம்பு செய்ததும் இதையே. மருத்துவரின் மகன் தாமஸ் டிவில்பிஸ் 1907-இல், அழுத்திய காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவியாக அதனை வளர்த்தார். தொண்டைக்குள் செலுத்தப் பிறந்த கருவி, பிறர் தொண்டைக்குள் செல்லக்கூடாத பொருளைத் தெளிக்கலாயிற்று!

எனினும் கருவி மட்டும் போதவில்லை. அதற்கேற்ற வண்ணமும் வேண்டியிருந்தது. 1923-இல் டூபாண்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு வண்ணத்தைக் கொணர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதனைத் தன் ‘ஓக்லண்டு’ கார்களுக்கு நீல நிறத்தில் அடித்தது. இவ்வண்ணம் மிக விரைவாக உலரும். தூரிகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லுமுன் உலர்ந்து கோடு விழும். தெளிப்பானாலன்றி அதனைக் கையாள இயலாது. வாரங்கள் எடுத்த வேலை மணிக்கணக்கில் சுருங்கிற்று. இன்று தெருவில் பல நிறத்தில் கார்களைக் காண்கிறோம் என்றால், அதற்கு இந்தக் கூட்டுறவு ஒரு பெருங்காரணம்.

வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. பழைய முறைத் தெளிப்பான் மிகுந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும். துளிகள் தகட்டில் மோதித் திரும்பும். சுற்றிலும் மூடுபனிபோல் நிற்கும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வண்ணமே வண்டியில் படியும். மிச்சம் தரையிலும் சுவரிலும், பெயிண்டரின் மார்பிலும் படியும். தின்னரின் ஆவி வெளியேறி, வெயிலோடு சேர்ந்து நகரத்துப் புகைமூட்டத்துக்கும் துணைபோகும். இதனை முதலில் கணக்கில் எடுத்தவர்களுள் தெற்குக் கலிபோர்னியாவின் காற்றுத்தூய்மை வாரியத்தினரும் அடங்குவர். 1980களின் இறுதியிலிருந்து அவர்கள் விதித்த நெறிகளின்படி, கார்ப் பட்டறைத் தெளிப்பான் 65 விழுக்காடு வண்ணத்தையாவது பொருளின்மேல் படியவைக்க வேண்டும். காற்றின் அளவு மிகுதி, அழுத்தம் குறைவு என்ற முறையில் அமைந்த தெளிப்பான்கள் இவ்வாறு பரவின. ‘எச்.வி.எல்.பி.’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இதுவே. அதன் காற்றுமூடியில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டைத் தாண்டலாகாது.

இதற்குள் வண்ணமும் மாறிவிட்டது. இன்று காரின்மேல் பளபளக்கும் தெளிபூச்சில் பெரும்பாலும் இரண்டு கலவைகள் சேர்கின்றன. அவற்றுள் கெட்டிப்படுத்தும் கலவையில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது மூச்சுக்குழாயைத் தாக்கித் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பின்னர்ச் சிறிதளவே போதும், மூச்சு அடைக்கும். மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை இதனைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழிக் கொணரும் முகமூடியே தக்க காப்பு. ஆகவே சிக்கனமான தெளிப்பான் முதலாளியின் பணத்தை மட்டும் காப்பதாக எண்ணற்க. ஒரு லிட்டரில் 350 மில்லிலிட்டர் மட்டும் தகட்டை அடைந்த நாளுக்கும் 650 அடையும் நாளுக்கும் உள்ள வேறுபாடு, அறைக்குள் நிற்பவன் மூச்சிலும் தெரியும்.

ஊரப்பாக்கத்தில் ஓர் இளைஞர் பட்டறை தொடங்குகிறார் என்று கொள்வோம். அவர் முதலில் பார்க்க வேண்டியது தெளிப்பானை அன்று, கம்ப்ரசரை. அழுத்தம் குறைந்த தெளிப்பான் நிமிடத்துக்குப் பத்துக் கனஅடிக்கு மேலும் காற்றைக் குடிக்கும். சிறு கம்ப்ரசரில் அதனைப் பூட்டினால், பாதிக் கதவு அடிக்குமுன் காற்று தளர்ந்து, துளி பெருத்து, பூச்சு ஆரஞ்சுத் தோல்போல் ஆகும். அடுத்தது மூக்கின் துளை: தெளிபூச்சுக்கு 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர், கனத்த பிரைமருக்கு 1.6-க்கு மேல். ஒரே தெளிப்பானால் இரண்டையும் செய்ய முயல்வது, ஒரே கத்தியால் வெங்காயமும் விறகும் வெட்டுவதை ஒக்கும். கிண்ணம் மேலே அமைந்த வகையில் வண்ணம் தானே இறங்கும். அடியில் தங்கி வீணாவது குறைவு. நீர்கலந்த வண்ணம் அடிப்பதாயின் ஊசியும் மூக்கும் துருப்பிடியாத எஃகில் இருத்தல் வேண்டும். தேய்ந்தால் மாற்ற உதிரிகள் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் கடையிலேயே கேட்டுவிட வேண்டும். கிடைக்காத உதிரிக்கு உலகப் புகழ் ஈடாகாது.

கருவியைச் சோதிக்கும் முறையோ எவர்க்கும் எளிது. சுவரில் ஒரு பழைய செய்தித்தாளை ஒட்டி, ஒரு சாண் தொலைவிலிருந்து ஒரு கணம் தெளிக்க வேண்டும். நீண்ட, ஒரே சீரான முட்டை வடிவம் விழுந்தால் நன்று. வாழைப்பழம்போல் ஒருபக்கம் வளைந்தால் எங்கோ ஒரு துளை அடைபட்டிருக்கிறது. அப்போது காற்றுமூடியைப் பாதிச் சுற்றுத் திருப்பி மறுமுறை தெளித்தல் வேண்டும். வளைவும் எதிர்ப்பக்கம் திரும்பினால் குற்றம் மூடியில். வளைவு இருந்த பக்கமே இருந்தால் குற்றம் மூக்கில்.